ஆறு ஐந்துக்குப் பெய்த மழை

போன வருஷம் அப்பாவின் திவசத்தன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மடிப்புடவை மழையில் நனைந்துவிட்டது. அம்மா அதைப் பிழிந்து, ஈரமாகவே கட்டிக்கொண்டு சமைத்தாள். ஈரமும் மடிதான் என்றாள். பிறகு மூன்று வாரம் இருமினாள். இந்த வருஷம் புடவை நனையாது என்று வாக்குக் கொடுத்தேன்.

மலையாளம் புழங்கும் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்துக்குக் கூரை கிடையாது. அங்கே தலைக்கு மேல் ஒரு மூங்கில் கொடி. குளித்தவர்கள் மட்டும், கோலால், அதிலிருந்து துணியை எடுக்கலாம்; குளிக்காதவர் கை பட்டால் மடி கெட்டுவிடும். கொடியின் ஓரத்தில் மழை சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். தீப்பெட்டி அளவுதான். அதற்கான விதிகளை அமைக்க நான்கு மாலைகள் ஆயின. சென்சாரின் தகட்டில் ஈரம் பட்டால் அது ஒரு நிகழ்வு. நிகழ்வு நடந்தால் இரண்டு வேலைகள்: கிளவுடில் உள்ள என் தரவுத்தளத்தில் நேரத்தோடு ஒரு வரி சேர வேண்டும், என் மனைவியின் போனில் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால் அவள் அம்மாவைக் கூப்பிடுவாள்.

"கொடி இருக்கறது அடுக்களைக்கு அந்தப் பக்கம்," என்றாள் மனைவி. "அங்கே மழை பெய்யறதை எங்கேயோ இருக்கற கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லணுமாக்கும்."

"ரெக்கார்டும் இருக்குமே."

"ஷரி. புடவை நனைஞ்சா அம்மா ரெக்கார்டைக் கட்டிக்கட்டும், கேட்டோ."

முதல் வாரத்தில் ஏழு வரிகள் விழுந்தன. ஏழும் காலை ஆறு ஐந்தை ஒட்டி. என் டைரியிலோ அந்த ஏழு நாளும் 'மழை இல்லை' என்று இருந்தது. எட்டாம் நாள் முற்றத்துக் கதவருகே நின்று பார்த்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து, மூக்கு வைத்த கிண்டியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சென்சாரின் மேல் தெளித்தாள். உள்ளே போனில் மணி அடித்தது. அதன் பிறகு அன்றைய புடவையைக் கோலால் எடுத்துக்கொண்டு போனாள்.

"அதுக்கு ஏம்மா தெளிக்கறே?"

"பத்து ஊர் சுத்தி வந்த பெட்டி. மடித்துணிக்குப் பக்கத்துல சும்மா எப்படி வெச்சுக்கறது?"

"ஒரு தரம் தெளிச்சாப் போறாதா?"

"நீ ஒரு தரம் குளிச்சாப் போறுமா?"

பெய்யாத மழைக்கு வரி இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு மணியிலிருந்து ஆறு இருபது வரை என்ன ஈரம் பட்டாலும் எழுதாதே, மணி அடிக்காதே என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். பொய் வரிகள் எல்லாவற்றையும் நீக்கினேன். மறுநாள் வரியும் இல்லை, மணியும் இல்லை. டைரியில் 'சரியாயிற்று' என்று எழுதினேன். திவசத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

திவசத்தன்று காலை கூடத்தில் உட்கார்ந்து போனில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுமையாக, சுத்தமாக இருந்தது. அப்போது ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டது. போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மணி ஆறு ஒன்பது. பேசாமலிரு என்று அதற்குச் சொன்னவன் நான்தான் என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது.

ஓடினேன். மனைவியும் ஓடி வந்தாள். இருவருமே குளித்திருக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்து வாசற்படியில் நின்றோம். ஓட்டுச் சரிவின் கீழே அம்மா நின்றிருந்தாள். அவள் கோலில் திவசப் புடவை. ஓரத்தில் ஒரு சாண்தான் நனைந்திருந்தது.

"இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தே?" என்றேன்.

"ரெண்டு நாளா தெளிச்சா மணி அடிக்கலையேடா. சரியாப் படலையோன்னு நேத்து ரெண்டு தரம் தெளிச்சேன். இன்னிக்கு மூணாவது தரம் தெளிக்கறேன், மேலேர்ந்தே தெளிச்சுடுத்து."

"மணி எதுக்குன்னு நினைச்சே?"

"சுத்தமாயிடுத்துன்னு சொல்றதுக்குத்தானே?"

மனைவி என்னைப் பார்த்தாள். "அதே, அதே," என்றாள் அம்மாவிடம். "அதுக்குத்தான் நாலு நாள் உக்காந்து பண்ணினார்."

அம்மா எட்டு மணிக்கு மறுபடி குளித்து, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். இதுவரை இருமவில்லை. அன்று மாலையே நிபந்தனையை நீக்கினேன். எழுதாமல் விட்ட ஆறு ஒன்பது மழையை என் கையால் சேர்த்தேன். கூடவே ஒவ்வொரு வரியிலும் 'காரணம்' என்று ஒரு புதிய கட்டமும் சேர்த்தேன். அதில் 'மழை' என்றோ 'அம்மா' என்றோ தினமும் நானே நிரப்புகிறேன்.

நேற்று ஆறு ஐந்துக்கு ஒரு வரி, ஆறு ஏழுக்கு ஒரு வரி. இரண்டுமே அம்மா. மனைவி போனை ஸைலண்டில் வைத்திருந்தாளாம்.