கேட்டால் மட்டும் சொல்லும் அண்ணன்

என் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது குழந்தையைவிட அதிகம் அழுதவர் என் அண்ணன்தான். மூலனூர்ப் பக்கம் உள்ள என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில். தாய்மாமன் முறைக்குப் பட்டு வேட்டி கட்டி, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தவர், ஆசாரி கையை நீட்டியதுமே கண்களை இறுக மூடிக்கொண்டார். வாயில் சர்க்கரை வைத்ததும் குழந்தை அடங்கிவிட்டாள். அண்ணன் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். "மச்சானுக்கும் ஒரு சோடி கம்மல் போட்டு உடுங்க ஆசாரி, அப்பத்தான் நிறுத்துவாரு" என்று என் கணவர் சொல்ல, கோயிலே சிரித்தது.

அண்ணன் முதலிபாளையத்தில் சிறிய தையல் யூனிட் வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்குப் போகும் பனியன்களை எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பார். போன வருடம் அங்கேயே மயங்கி விழுந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அடைப்பு. கை கால் தப்பியது, பேச்சும் தப்பியது. பழைய ஆர்டர் எதைக் கேட்டாலும் துணியின் நிறம் வரை சரியாகச் சொன்னார். முருகன் காப்பாற்றினான் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. தேங்காய்ச் சட்னியைப் பார்த்தால்கூடப் பள்ளிக்கூடக் கதை ஆரம்பிக்கிற மனிதர், இப்போது தானாக ஒரு பழைய கதையும் எடுப்பதில்லை. கேட்டால் பதில் வரும், சரியாகவும் இருக்கும். உடனே, "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுமோ என்னமோ" என்று ஒன்றைச் சேர்ப்பார்.

நான்தான் விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், மூளையின் பெரைட்டல் மடலில், இரண்டு பக்கமும் பாதிப்பு என்றார். "ஞாபகம் அழிஞ்சு போகலைங்க. கேட்டா எடுத்துக் குடுப்பாரு. ஆனா தானா வந்து கண்ணு முன்னால நிக்காது. வந்தாலும், இது நமக்கு நடந்ததுங்கற உணர்வு இவருக்குச் சேர மாட்டேங்குது" என்றார். அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "கேட்டதுக்கெல்லாம் கரெக்டாச் சொல்றான். இவளுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?"

இந்த நிலைமையில்தான் இரண்டாவது குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தோம். அண்ணன் தாய்மாமனாக உட்கார மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். நான் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவள். சரக்கைப் பெட்டி பெட்டியாகச் சோதிக்கிற அதே புத்தியில் கேள்விகளை அடுக்கினேன். வேட்டிக் கரை என்ன நிறம்? பச்சை. பாப்பா யார் மடியில் இருந்தாள்? என் மடியில். அழுதது யார்? நான்.

"அப்புறம் என்னங்ணா? எல்லாம் சரியாத்தானே சொல்றீங்க!"

"பீஸெல்லாம் சரிதான் அம்முணி. லேபிள்தான் என்னோடதில்ல. எவனோ ஒருத்தன் உக்காந்து அழுத மாதிரி இருக்குது. அதே மடியில இன்னொரு கொழந்தைய வெச்சுக்க எனக்கு என்ன யோக்கியதை?"

மகளின் காதுகுத்தில் எடுத்த வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினேன். எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. அவர் மரியாதையாகப் பார்த்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்தார். எரிச்சல் தலைக்கேறியது. நோயாளியிடம் கோபப்படுகிறோமே என்று அதற்குள் ஒரு குறுகுறுப்பு. நான் வீடியோ காட்டக் காட்டத்தான் அவருடைய சொந்த நினைவு பின்னால் போய்விட்டதோ என்று இன்னொன்று. யோசித்தால், எனக்கு ஞாபகம் இருப்பது கோயிலா, வீடியோவா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் கத்திவிட்டேன்.

"அப்ப தாய்மாமன வாடகைக்கா புடிக்கறது?"

அண்ணன் சிரித்துவிட்டார். "சரி, வர்றேன். ஆனா போன்ல படம் புடிக்கக் கூடாது. நடந்தத எவரும் எனக்குத் திருப்பிச் சொல்லக் கூடாது, கேள்வியும் கேக்கக் கூடாது. முக்கியமா நீ. தானா வருதான்னு பாக்கறேன்."

போன வாரம் காது குத்தினோம். அண்ணன் இந்த முறை கண்ணை மூடவில்லை, அழவுமில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வீறிட்ட வேகத்தில் பட்டு வேட்டியை நனைத்துவிட்டான். அதற்கும் அசையவில்லை.

அன்றிலிருந்து தினமும் போன் செய்கிறேன். வேட்டிக் கறை போச்சா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வருகிறது. கேட்டால் "போச்சு" என்பார், அதோடு இதுவும் நான் சொன்னதாகிவிடும். கேட்காமல் இருக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவளை நம்ப முடியாது.

இன்று காலையும் பேசினேன்.

"சாப்பிட்டீங்ளாண்ணா?"

"ஆச்சு அம்முணி. பையன் என்ன பண்றான்?"

"தூங்கறானுங்க."

அதற்குமேல் யூனிட்டில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்காமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.