குச்சிகளை எண்ணியவள்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். அவள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் வேறு யாரும் சேராததால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத் தாவரவியல் கட்டடத்தில் மூன்றாவது மாடி, கடைசி அறை. கதவைத் திறந்தாலே காய்ந்த இலையின் வாசனை அடிக்கும். சுவரோரம் முழுக்கப் பழுப்பு உறைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தேதி, இடம், எடை.

நேர்முகத்தில் பேராசிரியை மேடம் அவளிடம் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான். "செடிகளை அடையாளம் கண்டுபிடிப்பியா?"

"கண்டுபிடிப்பேன் மேடம்."

அவள் வளர்ந்தது அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டில் இருந்த ஒரே செடி பிளாஸ்டிக். ஆனால் புத்தகத்தில் இருந்த இலைப் படங்களை எல்லாம் பார்க்காமலே வரைவாள். வகுப்பில் முதல் மதிப்பெண். அதனால் சொன்னது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. போகப் போகக் கற்றுக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தாள்.

மேடம் அவளை அக்காவிடம் ஒப்படைத்தார். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. முனைவர் பட்டத்துக்கு நான்காவது வருடமாக உழைப்பவள், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அக்கா. அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. காட்டில் மரத்தடியில் விழும் விதைகள் முளைக்கின்றன. அந்தக் கன்றுகளில் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை சாகின்றன? இதற்காகக் காட்டுக்குள் நாற்பது இடங்களில் ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி வைத்திருந்தாள். சதுரத்துக்குள் ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு பல் குத்தும் குச்சி. குச்சி நுனியில் நகப்பூச்சு: ஒரு மரத்தின் கன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய், எந்தெந்தக் குச்சியின் பக்கத்தில் கன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும்.

முதல் நாள் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினாள்.

"இத பாரு, இதுக்கு இலையோரம் பல்லு பல்லா இருக்கும். இதுக்கு இலைக்கு அடியில முடி. இதுக்குத் தண்டோட அடி சிவப்பு. மத்ததெல்லாம் களை, ஏமாந்துடாதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

ஒரு மண்ணும் புரியவில்லை. மூன்றும் அவளுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. விரல் நீளத் தண்டு, தலையில் இரண்டு இலை. களையும் அதே தண்டு, அதே இரண்டு இலை. படத்தில் பெரிதாகப் பார்த்த பல்லும் முடியும் இங்கே கண்ணுக்கே அகப்படவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டி வைத்தாள்.

அடுத்த வாரமே அக்கா பாறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். எட்டு வாரம் கட்டு. "இனிமே புதுசுதான் என்னோட காலு" என்று சிரித்தபடி குறிப்பேட்டை அவள் கையில் கொடுத்தாள்.

தனியாகப் போன முதல் நாள், முதல் சதுரத்திலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. குச்சியின் பக்கத்தில் ஏதோ பச்சையாக இருந்தது. கன்றா, களையா? போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று எடுத்துவிட்டாள். அனுப்பவில்லை. இதுகூடத் தெரியாதவள் நேர்முகத்தில் எப்படித் தெரியும் என்றாள் என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனால் குச்சிகளில் எந்தச் சந்தேகமும் இல்லை. சிவப்பு ஒன்பது, நீலம் மூன்று, மஞ்சள் இரண்டு. அவற்றை எண்ணி எழுதினாள். சில குச்சிகளின் பக்கத்தில் எதுவுமே இல்லை. சருகுக்கு அடியில் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள். நின்றபடியே எண்ண முடிந்தது.

மதியத்துக்குள் ஜீப்புக்குத் திரும்பியபோது டிரைவர் அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணைக் கசக்கினார். "என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சுதா? உங்க அக்கா போனா செடிகூட நலம் விசாரிச்சுட்டுதான் வருவாங்க, சாயங்காலம் ஆயிடும். நீ என்ன, ஆஜர் எடுத்துட்டு வந்துட்டியா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்படி மூன்று முறை போய் வந்தாள்.

ஆறாவது வாரம் அக்கா கணக்குகளைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டாள். "ஐயோ, மேடத்தைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். முந்தைய மூன்று வருடங்களின் கோடுகளும் மாடிப்படி மாதிரி கீழே இறங்கின. வழக்கமாக இந்த மாதத்துக்குள் பாதிக் கன்றுகள் செத்துவிடும். இந்த வருடக் கோடு மட்டும் தரை மாதிரி நேராகக் கிடந்தது. ஒரு கன்றுகூடச் சாகவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பருவம் தப்பிப் பெய்த மழையாக இருக்குமோ என்றார். அக்கா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கன்று செத்தாலும் குச்சி சாகாது.

சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா அதற்குள் வரைபடத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவளுடைய அப்பா போன் செய்தார். "லிஃப்ட்ல ஏறுறவங்க இறங்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் பொண்ணு காட்டுல ஆராய்ச்சி பண்றான்னு. ஒருத்தரும் நடுவுல இறங்கி ஓட முடியாதே!" அவள் "வைக்கிறேன்பா" என்று வைத்துவிட்டாள். நான்கு நாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தாள். அக்கா கருத்தரங்கில் பேசுவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் ஆய்வகத்துக்குள் ஒத்திகை. வரைபடம் திரையில் வந்ததும் பக்கத்து அறை மாணவன் ஒருவன் கேட்டான்: "ஒண்ணுகூடவா சாகல? எண்ணினதுல ஏதாவது தப்பு இருக்கப் போகுது."

அக்காவுக்கு முகம் சிவந்தது. "எண்ணினது நம்ம புதுசு. மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய் எண்ணியிருக்கா. அவள நான் என்னை நம்புற மாதிரி நம்புறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது மடல்வரை கொதித்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தரை பிளக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று வெட்கப்படுபவள் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளால் தாங்கவே முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு, இலை உலர்த்தும் பெட்டிக்குள் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் போனாள். "அக்கா, நான் கன்றை எண்ணல. குச்சியத்தான் எண்ணினேன். எது கன்று, எது களைன்னு எனக்குத் தெரியாது."

அக்கா பெட்டியின் கதவை மூடவில்லை. சூடு இருவர் முகத்திலும் அடித்துக்கொண்டே இருந்தது.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி?" அக்காவின் குரல் உடைந்தது. பிறகு கதவைச் சாத்தினாள். "மேடம்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் கத்தவில்லை. அக்காவையும் வரச் சொன்னார். "இவளுக்கு எத்தனை தடவை காட்டிக் கொடுத்தே?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஒரு தடவை மேடம்."

"ஒரு தடவை காட்டிட்டு நாற்பது சதுரத்தையும் கையில கொடுத்துட்டே. அப்புறம் ஒரு சதுரத்தையாவது சரிபார்த்தியா?"

கால் கட்டோடு நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு தனக்கு விழுந்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தான் செய்ததற்கு அக்கா தலைகுனிந்து நின்றதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

கருத்தரங்கில் அக்கா மூன்று வருடக் கோடுகளை மட்டும் காட்டினாள். இந்த வருடம் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டபோது, "எண்ணிக்கையில் பிழை நடந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது" என்றாள். கடைசி வரிசையில் இருந்தவள் எழுந்து நிற்க நினைத்தாள். எழவில்லை.

கட்டுப் பிரித்ததும் அக்கா அவளைக் காட்டுக்கு அழைத்துப்போனாள். முதல் சதுரத்தில் இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். தனித்தனியாக எண்ண வேண்டும், பிறகு ஒப்பிட வேண்டும் என்பது அக்கா போட்ட புது விதி. சருகை விலக்கி, இலையைப் புரட்டி, அடியில் முடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து அவள் எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"எனக்கு ஆறு" என்றாள் அக்கா. "உனக்கு?"

ஆறு என்று சொல்லிவிட்டால் அடுத்த சதுரத்துக்குப் போய்விடலாம். முகம் மறுபடியும் சூடாயிற்று.

"ஒன்பதுக்கா."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு ஊர்ந்து அவள் பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"எந்த மூணுன்னு காட்டு."