மருந்துப் பீப்பாயும் நாற்பத்து மூன்று பூக்களும்

1. ஏழு

காலையில் எண்ணியபோது நாற்பத்து மூன்று பூக்களில் ஏழுதான் விரிந்திருந்தன. மறுபடி எண்ணினேன். ஏழு. மூன்றாம் முறையும் ஏழுதான்.

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் ஃபாக்டரி எலக்ட்ரீசியன். அக்கரையிலிருந்து, அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து, குடும்பங்கள் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, எங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் துரை, எஸ்டேட் மேனேஜர், கோயமுத்தூர்க்காரர். கடல் பார்க்கப் போக அவருக்கு லீவு கிடைத்ததே இல்லை. அதனால் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடலையே பங்களாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். காற்று பம்பும் விளக்கும் கரண்ட் வேலை என்பதால் தொட்டி முழுவதும் என் பொறுப்பாயிற்று.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரும்புச் சட்டம் உப்பில் துருப்பிடிக்கும் என்று தேக்குச் சட்டம் போட்டோம். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கோழிக்கோடு போகும் லாரி, திரும்பும்போது பன்னிரண்டு கேன் கடல்நீர் கொண்டுவந்தது. மண்டபத்திலிருந்து ஐந்து கற்கள் வந்தன. அவற்றின்மேல் சட்டைப் பொத்தான் அளவில் உயிருள்ள பூக்கள், பவள வகை, மொத்தம் நாற்பத்து மூன்று. இன்று அப்படி எடுத்துவரச் சட்டம் விடாது, விடவும் கூடாது. இவற்றோடு கடல் சாமந்தி இரண்டு, நத்தை ஆறு, இறால் ஒன்று, ஆரஞ்சு வரி மீன் மூன்று.

வெளியே ஜன்னல் முழுக்க மூடுபனி நிற்கும். உள்ளே அந்தப் பூக்கள், இல்லாத அலைக்கு அசைந்துகொண்டிருக்கும். சில காலைகளில் எது கண்ணாடிக்கு உள்ளே, எது வெளியே என்று எனக்கே குழம்பும். அந்தக் குழப்பத்துக்காகவே கால் மணி முன்னதாக வேலைக்குப் போவேன்.

2. சோப்பு

தொட்டி வைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல. நான் மழைநீர் பிடித்து வைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.023 நிற்கும்படி தினம் ஒரு லிட்டர் ஊற்றி வந்தேன். மழைநீர்ப் பானை விரிசல் விட்டதால், ஃபாக்டரிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த மரப்பீப்பாய் ஒன்றை எடுத்துவந்து பங்களா வராந்தாவில் வைத்தேன். மூன்று முறை கழுவினேன். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்.

அதற்கு ஒன்பதாம் நாள்தான் பூக்கள் சுருங்கின.

துரை தொட்டி முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார்.

"என்னங்க வயர்மேன் இது? நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

"சோப்பா இருக்குமுங்க, துரை. பங்களாக் கூட்டுற பார்வதி சோப்புக் கையோட கண்ணாடி தொடைச்சிருக்கும்" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

"அப்படீன்னா சனிக்கிழமையோட நிறுத்தச் சொல்லிப்போடறேன்" என்று சீட்டு எழுதி ஆபீசுக்கு அனுப்பிவிட்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார்.

பார்வதி வந்து நான்கு மாதம். அக்கரைத் தோட்டத்தில் பிறந்தவள். எஸ்டேட் பதிவேட்டில் பேர் இன்னும் ஏறவில்லை, தற்காலிகம்தான். வேலை போனால் தொழிலாளர் லயத்தில் கொடுத்திருந்த அறையும் போகும். அந்த ஒரே அறையில் புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப்பெட்டி.

விஷயம் அவள் காதுக்கு எட்டி, துடைப்பத்தோடு வந்து நின்றாள். அழவில்லை.

"ஏன் ஐயா, எல்லாத்தையும் எண்ணுறீங்களே. நான் எத்தன தரம் கைய உட்டேன்னு எண்ணுனீங்களா?"

"நான் பார்க்கலை."

"பாக்காததையும் சொல்லுவீங்களோ?"

தொட்டியைப் பார்த்தேன். மீன்கள் மூன்றும் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. சோப்பு என்றால் முதலில் மீனல்லவா திணறும்? நத்தை ஆறும் கழன்று விழுந்திருந்தன. இறால் போய்விட்டது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மற்றெல்லாம் சாகிறது. எனக்குப் புரியவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

அவள் வராந்தாவுக்குப் போய்ப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு பலகை சேருமிடத்தில் நகத்தால் சுரண்டி, விரலை என்முன் நீட்டினாள். நகத்தடியில் மயில்பச்சை.

"இது மருந்துப் பீப்பா ஐயா. கொழுந்துல கொப்புளம் உழுந்தா அடிப்பாங்களே, அந்தச் செம்பு மருந்து. தகர ட்ரம்மத் தின்னுரும்னு மரத்துலதான் கலக்குவாங்க. அங்கிட்டு ஆறு வருசம் நான்தான் தண்ணி சொமந்து ஊத்துனேன். மரம் குடிச்சத முப்பது தரம் கழுவுனாலும் போகாது."

செம்பு. மீன் ஓரளவு தாங்கும். பூவும் நத்தையும் இறாலும் தாங்கா. ஒன்பது நாள், ஒன்பது லிட்டர். என் கையால்.

3. வாட்டு மாடி

துரை இலை வாட்டும் மாடியில் இருந்தார். ஐம்பத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும், சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி சனிக்கிழமை போய்விடுவாள். ஐம்பத்திரண்டாவது படியில் துரையே திரும்பிப் பார்த்துவிட்டார்.

சொன்னேன்.

அவர் ஒரு கைப்பிடி இலையை எடுத்து முகர்ந்தார். "ஏனுங்க, பூவ எண்ணுனீங்க, படிய எண்ணியிருப்பீங்க. பீப்பாயில என்ன இருந்துச்சுன்னு ஒருத்தருகிட்டக் கேக்கலீங்களா?"

"இல்லீங்க."

"அந்தம்மா பேர எழுதுன சீட்டு ஆபீசுல இருக்கு. நீங்களே போயி வாங்கிக் கிழிச்சுப்போடுங்க. கெளார்க்கு எதுக்குன்னு கேப்பாரு. அதையும் நீங்களே சொல்லுங்க."

கிழித்தேன். கிளார்க்கிடமும் சொன்னேன். பிறகு பங்களாவுக்கு ஓடினேன். லாரி வர இரண்டு நாள் இருந்தது. கைவசம் நாலு கேன் கடல்நீர். கற்களை இரண்டு பீங்கான் ஜாடிக்கு மாற்ற நினைத்தேன். சமையல்காரரிடம், இதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, புதுசு" என்றார். இரண்டாம் முறையும் கேட்டேன். முறைத்தார்.

மாற்றி முடித்தபோது கரண்ட் போனது. மழைக்காலத்தில் அது வழக்கம். காற்று பம்பு நின்றது. பார்வதி இரண்டு எனாமல் குவளைகளைத் தேய்த்துக் கழுவி, ஜாடித் தண்ணீரை மொண்டு டீ ஆற்றுவதுபோல் உயர்த்தி ஊற்றத் தொடங்கினாள். நுரை எழுந்தது. பம்பு செய்ததும் அதே வேலைதான். நான் ஒரு ஜாடி, அவள் ஒரு ஜாடி. ஜன்னல் வழியாக மூடுபனி அறைக்குள் வந்துவிட்டது. உப்பு வாசம். நீர் விழும் சத்தம் தவிர உலகில் வேறெதுவும் இல்லை.

"கப்பல்ல வந்தப்ப நான் கடலப் பாக்கவேயில்ல ஐயா" என்றாள். "முக்காட்டப் போட்டுகிட்டு அழுதபடியே படுத்துட்டேன். எறங்குன்னாங்க, எறங்குனேன். இப்பத்தான் பாக்குறேன்."

குனிந்து பார்த்தாள். கல்லில் ஒரு பூ மெல்லத் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று.

லாரி வந்து தொட்டியைப் புதிதாக நிரப்பியபின், பூக்களில் பிழைத்தவை பதினொன்று. கடல் சாமந்தியில் ஒன்று. பார்வதியின் பேர் அந்த மாதக் கடைசியில் பதிவானது.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். புதுப் பாத்திரம் வந்தால் எத்தனை முறை கழுவினோம் என்று எண்ணாதீர்கள், அது முன்பு எதைச் சுமந்தது என்று கேளுங்கள். பீப்பாய் ஒன்பது நாள் வராந்தாவில் நின்றது. ஆறு வருடம் அப்படியொன்றில் தண்ணீர் ஊற்றியவள் தினமும் அதைச் சுற்றித்தான் பெருக்கினாள். அந்த ஒன்பது நாளில் நான் அவளிடம் ஒருமுறையும் பேசியதில்லை.