'தெரியாது' என்று எழுதியவர்

மைதீன் இறந்த செய்தியை அவருடைய மைத்துனர் அலுவலக வாசலில் நின்று சொன்னார். "அக்கா, மச்சான் காலையில மௌத்தாயிட்டாக. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்." மழையில் ரயில் தாமதம் போலிருக்கிறது என்று நினைத்து, அதுவரை அவர் மேசையில் தேநீரை மூடி வைத்திருந்தோம். பம்பாயில் ஒருவர் வராவிட்டால் ரயிலைத்தான் திட்டத் தோன்றுகிறது. பக்கத்து மேசைக்காரி நான். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தத் தோல்பெட்டி நினைவிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் எண்ணெய் அலுவலகத்துக்குச் சொந்தமாகக் கணினி கிடையாது. கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைச் சுமந்து, ரயிலேறிப் போய், வேறோர் இடத்துக் கணினியில் வாரம் ஒருமுறை கணக்குப் போட்டு வருவோம். அட்டை நனைந்தால் அந்த வாரம் போச்சு. அதனால் மைதீன் தாராவியில் தன் வாப்பாவின் தோல் பட்டறையிலேயே ஒரு பெட்டி தைத்து வாங்கினார். தபேலா உறை போலிருந்த அதைப் பார்த்து, இன்றைக்குக் கச்சேரி எங்கே என்று நாம் கேலி செய்வோம். "கச்சேரி ஓசிதான், வாங்க," என்பார்.

வற்றிவரும் எண்ணெய்ப் படுகைக்குள் கரியமில வாயுவை அழுத்திச் செலுத்தினால் மிச்ச எண்ணெய் வெளியே வரும். செலுத்திய வாயு உள்ளேயே தங்குமா என்று நாங்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். படுகைக்கு மேலே தரையில் ஊர்கள் இருந்தன; வாயு வெளியேறினால் அவற்றுக்கு ஆபத்து. தங்கும் என்றால் திட்டம் நடக்கும், மைதீன் அதற்குப் பொறுப்பாளர் ஆவார், செம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். பட்டறைக்கு மேலே அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், தோல் ஒட்டும் பசையின் நெடியில், அவர் மனைவிக்கு இருமல் நிற்காத காலம் அது.

மாதக்கணக்கில் நல்ல விடையே வந்தது. ஒரு நாள் மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் அச்சுத்தாளை விரித்தவர், "எந்தக் கணக்கும் இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காது மேடம்," என்றார். காரணம் நாங்கள்தான். படுகையை மூடியிருக்கும் பாறையில் துளி கசிவு வைத்தாலும் கணக்கு பாதியில் நின்றுவிடும், கிடைத்த கணினி நேரம் வீணாகும். அதனால் கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பிறகு அதை மறந்தும்விட்டோம். "கதவே வைக்காம வீட்டக் கட்டிப்போட்டு, ஒருத்தரும் வெளிய போகலன்னு சந்தோஷப்படுதோம்," என்றார் மைதீன்.

பாறையில் கசிவையும், சிமெண்டால் அடைத்த பழைய எண்ணெய்க் கிணறுகளையும் கணக்கில் சேர்த்தார். வாயு மேலேறி, பாறைக்கடியில் பரவி, அந்தக் கிணறுகள்வரை போயிற்று. ஒருமுறை போட்ட கணக்கில் அங்கேயே நின்றது. அடுத்த முறை கிணறு வழியே தரைக்கு ஏறி வந்தது. அந்தச் சிமெண்ட் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் அளந்ததில்லை. அறிக்கையின் முடிவில் 'தெரியாது' என்று எழுதினார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்?" என்று மேலதிகாரி சத்தம் போட்டார்.

"தங்கும்னு எழுதவும் கம்ப்யூட்டர் வேண்டாமே சார்."

திட்டம் கிடப்பில் போனது. குவார்ட்டர்ஸும்தான். அதன்பின் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரும் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

மைதீன் இறந்த அன்று பிற்பகல் ஏணியேறி அந்த அறைக்குள் போனேன். பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இருமி முடித்து, "அந்த வாயு நெசமாவே வெளிய வந்திருக்குமா மேடம்?" என்று கேட்டார்.

வந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் அந்த நெடியில் கிடந்ததற்கு ஒரு காரணமாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். சொல் வாய்வரை வந்தது. மூலையில் அந்தத் தோல்பெட்டி, பிள்ளைகளின் துணி திணித்துக் கிடந்தது.

"தெரியாதும்மா," என்றேன்.

"அவகளும் இதத்தான் சொன்னாக," என்று தலையாட்டினார். கையை விடவில்லை.

மைதீனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மேலதிகாரியிடம் அதைச் சொல்வது அவருக்குப் பெரிதாக இருந்திருக்காது. அந்த அறைக்கு வந்து, இந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் பெரிதாக இருந்திருக்கும்.