மூடிய கதவுக்குள் ஆல்டோ

நான் பாடுவது ஜப்பானியக் கார்ட்டூன் பாட்டு. அனிமே என்று சொல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர்களுக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டிலோ கார்ட்டூன் என்றால்தான் புரியும். ஒரு பாட்டை எடுத்து, நாலு குரலாகப் பிரித்து எழுதி, நாலையும் நானே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணையத்தில் போடுவேன். முகம் காட்ட மாட்டேன். கேட்பதற்கு எங்கெங்கோ கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நான் இருக்கும் விருத்தாசலத்தில் ஒருவரும் இல்லை.

நான் புதுச்சேரிக்காரி. சிறுமியாக இருந்ததிலிருந்து மாதா கோவில் பாடல் குழுவில் ஆல்டோ. மெட்டைப் பாடுகிறவர்களுக்குக் கீழே நின்று தாங்கிக் கொடுக்கிற குரல் அது. தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே சுரத்தில் நாலு வரி போகும், கொஞ்சம் இறங்கி மறுபடி நாலு வரி போகும். மற்ற குரல்கள் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் குவைத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நான், அத்தை, மாமா. மாமா ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வு அவருக்கு மட்டும்தான். காபி, கண்ணாடி, தண்ணி, காணாமல் போன ரிமோட் என்று ஹாலில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அத்தை மூட்டு வலியோடு போய்ப்போய் வருவார். பகலில் பெண்கள் கதவைச் சாத்துவது மாமாவுக்கு ஆகாது. வந்த முதல் வாரமே என்னிடம் சொல்லாமல், எனக்குக் கேட்கிற மாதிரி அத்தையிடம் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் செராமிக் பட்டறை. மண் அரைக்கிற மில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். மைக்கைத் திறந்தால் என் குரலுக்கு முன்னால் அதுதான் உள்ளே வரும். ஆகவே நான் காத்திருப்பது மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளுக்கு. ஊரே திட்டித் தீர்க்கும் அந்த நாளில்தான் மில் நிற்கும், மிக்ஸி நிற்கும், டீவி நிற்கும். ஃபேன் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் மாமாவும் கோவில் மரத்தடிக்குப் போய்விடுவார். நான் கதவைச் சாத்தி, பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவேன். எதிரொலி வராது. மூச்சும் வராது. வேர்த்து ஊற்றும். அப்படியும் எனக்கு அந்த மாதத்தில் வேறு சந்தோஷம் கிடையாது.

அப்படி ஒரு நாள் ஆல்டோ பதிவு நடந்தது. பாட்டு, மழையில் சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பற்றியது. மற்ற மூன்று குரலும் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி வரியில் மூச்சு உடைந்தது. மறுபடி பாடினேன், மறுபடி உடைந்தது. அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் "ஐயோ ஆண்டவரே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். சரியாக வந்தபோது சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா முழங்காலில் நிற்கிறார். கண் மூடியிருக்கிறது, கை இரண்டும் மேலே. அவர் கோவில் செபக்கூட்டத்தை நடத்துகிறவர், உறைக்கு மோர் வாங்க வந்திருக்கிறார். ஹெட்போனில் இருந்த மூன்று குரலும் அவருக்குக் கேட்கவில்லை. தெரியாத மொழியில் ஒரே சுரத்தில் ஒரே வரி, நடுநடுவே ஆண்டவரே, கடைசியில் அழுகை, அவ்வளவுதான் கேட்டிருக்கிறது. அத்தை பக்கத்தில் சும்மா நின்றிருந்தார்.

எனக்கு அந்நிய பாஷை வரம், அதாவது தூய ஆவி இறங்கி அறியாத மொழியில் செபிக்க வைக்கிற வரம், கிடைத்துவிட்டதாம். நான் சிரித்துக்கொண்டே, அது கார்ட்டூன் பாட்டு என்று சொன்னேன்.

"வரம் கெடச்சவங்க அப்படித்தான் மறைப்பாங்க," என்றார் அக்கா.

எரிச்சல் வந்து, நான் அடுக்கி முடித்திருந்த வேறொரு பாட்டை போனில் போட்டுக் காட்டினேன். அது இன்னும் வம்பாகிவிட்டது. ஒரே ஆளின் வாயிலிருந்து நாலு குரல் வருகிறதென்று அக்கா தேம்பித் தேம்பி அழுதார். அத்தையாவது நம்புவார் என்று பார்த்தேன். அவர் மோர் எடுத்து வர உள்ளே போய்விட்டார். சாப்பாடு பரிமாறும்போது மருமகளுக்கு வரம் வந்திருப்பதாக மாமாவிடம் அவரே சொல்லிவிட்டார்.

மாமா பயப்படுவது கடவுள் ஒருவருக்குத்தான். மறுநாள் சாயங்காலம் டீவியை அணைத்துவிட்டு, என் அறைக் கதவைத் தன் கையாலேயே சாத்தினார். தினமும் நாலு மணியிலிருந்து கோவில் மணி அடிக்கும் வரை எனக்குச் செப நேரம். யாரும் கூப்பிடக் கூடாது. அத்தை என் அறைக் கதவருகே உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். கேட்காமலே கதவு கிடைத்துவிட்டதே என்று முதல் வாரம் தலைகால் புரியவில்லை. மில் சத்தத்தில் பதிவு செய்ய முடியாவிட்டாலும் பாட்டைப் பிரிக்கலாம், பாடிப் பழகலாம்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்த குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண், வெளிநாட்டில் இருக்கும் கணவன் போன் எடுப்பதில்லை என்று வந்தாள். எல்லோரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் பாடுவதற்காகக் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து, இது சைக்கிள் பாட்டு என்று அவர்களிடமும் சொன்னேன். அந்தத் தாய் என் காலைத் தொட வந்தாள். எனக்கு உடம்பு கூசியது. அதன்பின் வாயைத் திறந்தாலே பயம். ஒரு சுரம் பிசகினால் குழந்தைக்கு என்னவோ என்று வெளியே ஒரு விசும்பல் கேட்கும். நிறுத்தினால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். பாடாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்த நாட்கள் உண்டு. உண்மையைச் சொல்லியும் வெளியே வர முடியாத இடம் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் போனை வைத்துவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்தின செபக்கூட்டத்தில் நான் மைக் முன்னால் நிற்க வேண்டும் என்று அக்கா வந்து சொன்னதும் பொறுமை போய்விட்டது. நேராகக் கோவிலுக்கு, பங்குத்தந்தையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். இளவயதுக்காரர். பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆல்டோ நன்றாக இருக்கிறது என்றார். என் பாட்டைப் பற்றி இந்த ஊரில் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கூட்டத்துக்கு நான் வர வேண்டியதில்லை, அக்காவிடமும் வந்து போகிறவர்களிடமும் அவரே பேசிவிடுவார். என் வீட்டில் மட்டும் நான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார்.

கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தேன். அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பங்குத்தந்தை சொன்னதைச் சொல்லி, இன்றைக்கே மாமாவிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அத்தையின் கை நின்றது.

"கார்ட்டூன் பாட்டுன்னு எனக்குத் தெரியும்மா. உன் புருஷன் சின்னப் புள்ளையில டீவில பாப்பானே, அதே தினுசு. அன்னைக்கே தெரியும்."

பின் ஏன் மாமாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

"நீ உள்ள இருந்தாத்தான் நான் கதவாண்ட உக்கார முடியுது. செபம் நடக்குதுன்னா அவரு என்னையக் கூப்புடுறது இல்ல. இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து சாயங்காலத்துல நான் உக்காந்ததே இல்லம்மா."

ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை, கோபப்படவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து மாமா காபி கேட்டார். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். நான் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"மாமா, செபத்துக்கு நேரமாயிட்டுதுங்க. அத்தையும் வராங்க," என்றேன், ஹாலுக்குக் கேட்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் டீவியை அணைக்கும் ஓசை கேட்டது. இத்தனை நாளும் ஊர் முழுக்க என்னவெல்லாமோ சொன்னது. செபம் என்று என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் முறை.