அணில் பட்டினியாகப் படுத்த கதை

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள் நான். என் புத்தகத்தை முன்பின் தெரியாத ஒருவர் வாசிப்பதை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

தவளக்குப்பம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். மருந்துக்கடையில் வேலை போலிருக்கிறது, நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மடியில் மகளை வைத்துக்கொண்டு என் அணில் கதையை வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

நான் எழுதிய கதையில், அணில் தன் பழங்களையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு, ஆனால் சந்தோஷமாகத் தூங்கிவிடும். அவளோ, அணில் ஒரு கொய்யாவைத் தனக்கு வைத்துக்கொண்டு தின்றது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

"கடைசியில அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அணிலு பட்டினியா படுத்துக்குதாம். நேத்து அதப் படிச்சதும், அதுக்குக் குடுத்தாதான் நானும் துன்னுவேன்னு இவ ஒரே அழுகை. அதான் மாத்திட்டேன்."

"எழுதினவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

சற்று யோசித்தாள். "பாவம், அவங்களுக்கு வூட்ல யாரும் சோறு எடுத்து வெக்க மாட்டாங்க போல. அதான் அணிலையும் அப்படியே படுக்க வெச்சிட்டாங்க."

அரியாங்குப்பத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். எழுதியது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் நான். அதை அந்தக் கதையில் எங்கே எழுதினேன், அவள் எந்த வரியில் வாசித்தாள் என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.