முதல் பரிசு வாங்கிய வலை

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் குடம் இருக்கிறது. அதன் கழுத்தில் ‘முதல் பரிசு’ என்று பெயர் வெட்டியிருக்கும். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள் வீட்டில் குடத்துக்கா பஞ்சம்? ஆனாலும் அம்மா பதினான்கு வருஷமாக அதில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சித்தப்பாவைக் கல்லாவில் உட்கார வைத்தால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்துவிடுவார் என்று அப்பா அவரை மெதுவாகக் கடையிலிருந்து வெளியே நகர்த்தினார். நகர்ந்தவர் நேராக சமூக சேவையில் போய் விழுந்தார். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேரைத் திரட்டி அதற்குக் கோடைப் படை என்று பெயர் வைத்தார். முதுகில் எங்கள் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சள் பனியன். காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் குப்பை பொறுக்க வேண்டும். வெயில் ஏறியதும் எங்காவது ஒரு பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் மோர் ஊற்ற வேண்டும். பெற்றவர்களுக்குப் பரம சந்தோஷம். ஒரு மாதம் பிள்ளை டிவி முன்னால் கிடக்காது அல்லவா.

நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு என்னை லீடர் ஆக்கினார். “ஏட்டி, விசில் இனி ஒன் கழுத்துல கெடக்கு. நம்ம கடைப் பேரக் காப்பாத்திரணும், பாத்துக்க,” என்றார். ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

என் குழுவுக்கு அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்துக் குப்பம். இன்னொரு குழுவுக்கு பெசன்ட் நகர் பக்கம், அதற்கு லீடர் சித்தப்பாவுடைய நண்பரின் மகன். மாதக் கடைசியில் எந்தக் குழு அதிக எடை சேர்த்ததோ அதற்குப் பரிசு. எடை போடுவதற்கு எங்கள் கடையில் பழைய பித்தளைப் பாத்திரம் எடை பார்க்கும் மெஷினையே சித்தப்பா வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். சாயங்காலம் அம்மா அதை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவாள்.

முதல் நாள் எங்களுக்கு வகுப்பு எடுக்க ஓர் அம்மா வந்திருந்தார். கடலில் விடப்பட்ட பழைய வலையில் கழுத்து மாட்டிச் செத்துப்போன ஆமையின் படத்தைத் திரையில் காட்டினார். சின்னப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அன்றிலிருந்து வலை என்றாலே எங்களுக்கு விரோதி. சித்தப்பா தன் பங்குக்கு ஒரு பாடம் சேர்த்தார். “இங்க எந்தக் குப்பையைத் தொட்டாலும் ஒருத்தன் வந்து என்னோடதும்பான். காதுல வாங்காதிய. மளமளன்னு எடுத்துப் போட்டுட்டு வந்துருங்க.” அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கோ அதை என் குழுவுக்கு நான் நாள் தவறாமல் திருப்பிச் சொன்னேன்.

உள்ளூர்ப் பிள்ளைகளும் படையில் இருந்தால் பத்திரிகையில் நன்றாக இருக்கும் என்று குப்பத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைச் சித்தப்பா சேர்த்திருந்தார். அவள் பெயர் ஸ்டெல்லா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். பனியன் அவளுக்கு முட்டி வரை தொங்கும். கையுறை பெரிதாக இருக்கிறது என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். பாறை இடுக்கில் சிக்கிய தூண்டில் நரம்பைக் கையை அறுத்துக்கொள்ளாமல் எப்படி இழுப்பது, மணலில் தூண்டில் முள் கிடந்தால் காலால் எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வேலை தெரிந்தவள் அவள், விசில் என்னிடம். இதில் ஏதோ கோணல் இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

கடைசி நாள் காலை எட்டரை மணிக்கு பெசன்ட் நகர் குழு எங்களைவிடப் பதினோரு கிலோ முன்னால் இருப்பதாகச் செய்தி வந்தது. குப்பை லாரி ஒன்பது மணிக்குப் புறப்பட்டுவிடும். நான் கரையோரமாகப் பைத்தியம் பிடித்தவள் போல ஓடினேன். மணலில் ஏற்றிவிட்டிருந்த ஒரு படகின் மறுபக்கம் நீல நிறத்தில் ஒரு நண்டு வலை விரிந்து கிடந்தது. ஆள் நுழையும் அளவுக்கு அதில் ஓட்டைகள். ஓட்டைக்கு ஓட்டை கிழிந்த சேலைத் துணி, லுங்கித் துணி தொங்கியது. துணியும் சேர்ந்து சிக்கிக் கிடக்கிற பழைய வலை என்று முடிவுகட்டினேன். அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக் குண்டுகள் இருந்தன. ஈயம் எவ்வளவு எடை நிற்கும் என்று பாத்திரக்கடைக்காரன் மகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? விசில் ஊதினேன்.

ஸ்டெல்லா பின்னாலேயே ஓடி வந்தாள். “அக்கா, அத்த எடுக்காதக்கா. பின்றதுக்குப் போட்டுக்கீது.”

“இதையா? முழுக்க ஓட்டை.”

“இன்னாக்கா நீ, எங்க ஓட்டையோ அங்க துணி கட்டிக்கீதே, பாக்கல? பின்னி முட்ச்சா துணிய அவுத்துடும். எங்க நைனாதுக்கா.”

எனக்குக் கேட்டது. அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். நன்றாகவே கேட்டது. அவளுடைய அப்பா எப்படித் துணி கட்டி அடையாளம் வைத்து வலை பின்னுவார் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் அது. அவர்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்களுக்குக் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கிற காலம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு நண்டு வலை, அதுவும் கிழிந்துவிட்டது, அடுத்த வாரத்துக்குள் பின்னியாக வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்தும் எனக்கு அந்தப் பதினோரு கிலோதான் பெரிதாக இருந்தது.

அவள் வலையின் நுனிமேல் ஏறி நின்றுகொண்டாள். நான் அவள் முகத்துக்கு நேராக விசிலை ஊதினேன். நாயை விரட்டுகிற மாதிரி ஊதினேன். ஒரு கணம் என்னைப் பார்த்தவள் கீழே இறங்கினாள். நாலு பையன்கள் வலையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மெஷின் காட்டிய எடையைப் பார்த்து நாங்கள் குதித்த குதிப்பு இருக்கிறதே, மணல் தலைக்கு மேல் பறந்தது. வலை லாரிக்குள் போயிற்று. எல்லாவற்றையும் நசுக்கி உள்ளே தள்ளுகிற லாரி அது.

பத்து மணிக்குக் கடற்கரையிலேயே ஷாமியானா போட்டு விழா. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா கடைசி வரிசை நாற்காலியில் குனிந்தபடி இருந்தாள். மீன் விற்கப் போயிருந்த அவளுடைய அப்பா அப்போதுதான் திரும்பி வந்தார். வெறும் மணலைப் பார்த்திருக்கிறார், யாரோ நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பந்தலுக்கு வந்தார். பின்னால் குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

“இன்னா சார், என் வலை எங்க?” என்றார். முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் வந்ததும் வராததுமாக அடிக்கப் பாய்ந்தார் என்றுதான் சொல்வார்கள்.

சித்தப்பா விருந்தினரைப் பார்த்தார், பத்திரிகைக்காரரின் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். புது வலை வாங்கிக் கொடுத்திருக்கலாம். கடைக்குக் கேடு வந்திருக்காது. அவர் சொன்னது இதுதான்: “எங்க பிள்ளைகளுக்கு என்ன தெரியும்யா? ஒங்க மகதான் இது குப்பைன்னு எடுத்துக் குடுத்துருக்கா. வேணும்னா எங்க லீடரக் கேளும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு பேச்சுக்குக்கூடத் தயங்காமல், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கை தூக்குவது மாதிரி, ஆமாம் என்று தலையாட்டினேன்.

“எம் பொண்ணா?” என்றார் அவர். “வலை மேல படுத்து வளந்த பொண்ணுடா அது. அது குப்பைன்னு சொல்லிச்சா? யார்கிட்ட கத வுட்ற?” பக்கத்தில் ஒரு படகின்மேல் கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு சித்தப்பாவை நோக்கி வந்தார். பிள்ளைகள் அலறினார்கள். சித்தப்பா ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. கையில் போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலும் போட்டோ எடுக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

“நைனா!” என்று கடைசி வரிசையிலிருந்து சத்தம் வந்தது. ஸ்டெல்லா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து நடுவில் நின்றாள். “நான்தான் நைனா. நான்தான் எட்த்துக் குட்தேன். தெரியாம குட்த்துட்டேன்.”

துடுப்பு கீழே விழுந்தது. அவர் திரும்பி அவளை அறைந்தார். அந்தச் சத்தம் மைக்கில் கேட்டது. ஒரே ஓர் அறை. அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குப்பத்துப் பக்கம் நடந்தார். கூட வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மைக்கைத் தட்டிப் பார்த்தார். விழா நடந்தது. குடத்தை நான் வாங்கினேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டில் அம்மா மெஷினைக் கழுவிக்கொண்டே, “அந்தப் பிள்ள நெசமாவே எடுத்துக் குடுத்துச்சா?” என்று கேட்டாள்.

“அவளே ஒத்துக்கிட்டாம்மா,” என்றேன்.

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஸ்டெல்லா எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்றுதான் நான் நம்பினேன். பதினொன்றாம் வகுப்பில் புதிதாகக் கிடைத்த தோழிகளிடம் இதை எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எனக்காக அறை வாங்கின ஒரு சிநேகிதி இருக்கிறாள், இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்பேன். அவளுடைய சான்றிதழில் ஒரு நன்றிச் சீட்டை வைத்து வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. கொஞ்சம் நன்றி கெட்டவள்தான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரி முடித்த வருஷம் கடை வாசலில் ஒரு தகராறு. சரக்கு இறக்க வந்த லோடுமேன் ஒருவரை சித்தப்பா கேட்கக் கூடாத வார்த்தை சொல்லிவிட்டார். அந்த மனிதர் கை ஓங்கினார், அவ்வளவுதான், அடிக்கவில்லை. சித்தப்பா ஓரடிகூடப் பின்வாங்காமல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேடினார், பேசினார். டீ ஆறுவதற்குள் போலீஸ் ஜீப் வந்து லோடுமேனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த மனிதரின் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு பத்து நாள் எங்கள் கடைப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவளைத் தாண்டிப் படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று பந்தலில் நடுவில் வந்து நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவின் துடுப்பையும் பார்க்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண், கண் கொட்டாமல் சித்தப்பாவின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.